ஈர மண்ணும் எலெக்ட்ரான் கண்ணும்

விருத்தாசலம் என வடமொழிப் பெயரால் வழங்கும் திருமுதுகுன்றத்திற்குப் பெயர் தந்தது ஒரு பழைய மலை. அவ்வூரிற் பல குடும்பங்களுக்கு இக்காலத்தே சோறு தருவதோ மண். நெய்வேலியிற் பழுப்பு நிலக்கரிக்கு மேலே படிந்து கிடக்கும் வெண்களிமண் அண்மையில் இருத்தலால், பீங்கான் தொழில் அங்கு வேரூன்றியது. பீங்கான் தொழிற்பேட்டை ஒன்றும், அத்தொழிலைக் கற்பிக்கும் அரசினர் பயிலகம் ஒன்றும் அந்நகரில் உள்ளன. கார்த்திகைக்கு அகல் விளக்கு, கொலுவிற்குப் பொம்மை, வீட்டு மின்சாரப் பெட்டிக்குப் பியூஸ் கட்டை, ஊறுகாய்க்கு ஜாடி என நம் இல்லங்களில் நாம் எண்ணிப் பாராமற் கையாளும் பல பொருள்கள் இத்தகைய சிறு சூளைகளிலிருந்து வருவனவே.

இத்தொழிலாளரின் நட்டத்தையும் ஆதாயத்தையும் முடிவு செய்வது சூளையின் தீ மாத்திரம் அன்று. தீக்கு முன்னே மண்ணும் நீரும் கூடியிருக்கும் சில நாழிகைகளே பெரும்பாலும் அதனை முடிவு செய்கின்றன. அந்த ஈர நிலையை ஈரமாகவே கண்டறியவல்ல எலெக்ட்ரான் நுண்ணோக்கி ஒன்று பீங்கான் நகரத்தார்க்கு எட்டும் இடத்தில் அமைதல் வேண்டும் என்பதே ஈண்டு யான் வற்புறுத்த முற்படுவது. தமிழ் ஆனர்ஸ் வகுப்பு மாணாக்கருக்கு இவ்வழக்கில் என்ன வேலை என்று பௌதிக வகுப்பு நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். இவ்வழக்கின் முதற் சாட்சி தமிழ்ச் சொல் ஒன்று ஆதலின், யானும் பேச உரிமை பெற்றவனே.

அச்சொல் 'பதம்' என்பது. சொல்லுக்கும் பதம் என்று பெயர். சோறு வேகும் நிலைக்கும் பதம் என்று பெயர். மண் கைக்கு இசைந்து குழையும் நிலைக்கும் அதுவே பெயர். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழியை நாம் மாதிரி பார்த்தலுக்கு இலக்கணமாக எடுத்தாளுகிறோம். ஆனால் அப்பழமொழி எந்த நிலையில் உண்மையாகும்? பானை அடுப்பில் இருக்கும்போதே பருக்கையை எடுத்து, சூடாறுமுன் விரலால் நசுக்கிப் பார்க்கும் நிலையிலேதான். அப்பருக்கையை வெயிலிற் காயவைத்து, பொன்முலாம் பூசி, மறுவாரம் ஆராய்ந்து பார்த்து, 'இப்பானைச் சோறு கல்லைப்போற் கடினமானது' என்று ஒருவர் தீர்ப்புக் கூறினால், அவருடைய அறிவை நம் வீட்டுத் தாய்மார் மெச்சுவரோ? மெச்சார். எனினும், களிமண்ணைப் பொறுத்தவரை, எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் பழைய முறை ஏறக்குறைய இவ்வாறே நடந்துவந்தது.

மண்ணின் இயல்பைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். வெண்களிமண்ணின் முக்கியக் கனிமமாகிய கேயோலினைட் மெல்லிய அறுகோணத் தகடுகளாய் அமைந்தது. ஒரு தகட்டின் அகலம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதனினும் குறைவு. தடிப்பு அதனிலும் மிகச் சிறிது. நீரில் இத்தகடுகளின் முகப்பு எதிர் மின்னேற்றம் கொண்டிருக்கும். நீரிற் புளிப்புத்தன்மை இருப்பின் விளிம்பு நேர் மின்னேற்றம் கொள்ளும். ஆகவே ஒன்றன் விளிம்பு மற்றொன்றன் முகப்பைப் பற்றிக்கொள்ள, சிறுவர் சீட்டுக்களைச் சாய்த்துக் கட்டும் வீடு போன்ற அமைப்பு ஒன்று நீருக்குள் எழும் என்பது அறிஞர் கொள்கை. அவ்வீடு எழுந்தால் மண்குழம்பு கட்டியாய் ஓடாது நிற்கும். சோடியம் சிலிகேட் சிறிதளவு சேர்த்தவுடன், விளிம்பின் ஏற்றம் மாறி வீடு கலைந்து, அதே குழம்பு பாலைப்போல் ஓடும். ஓடும் குழம்பையே பிளாஸ்டர் ஆப் பாரிஸ் அச்சிலே வார்க்கின்றனர். அச்சு நீரை உறிஞ்ச, அதன் சுவரிலே மண் படிந்து பொம்மையாகவோ ஜாடியாகவோ உருவெடுக்கிறது. சோடியம் சிலிகேட் சிறிது மிகினும் குறையினும், நீரின் உப்பு மாறினும், குழம்பின் போக்கே மாறிவிடும். அதன்பின் உலர்த்துகையில் தகடுகளுக்கு இடைப்பட்ட நீர் நீங்க, தகடுகள் நெருங்க, பண்டம் சுருங்குகிறது. எல்லாப் பக்கமும் ஒப்பச் சுருங்கினாற் கேடில்லை. ஒரு பக்கம் முந்தினால் மயிரிழை போன்ற வெடிப்பு விழும். அவ்வெடிப்பு அன்றைக்குக் கண்ணுக்குப் புலப்படாமல் இருந்து, சூளை திறக்கும் நாளிற் புலப்படும்போது, மண்ணும் விறகும் கூலியும் ஒருங்கே போயின என்க.

இனி, இந்தச் சீட்டு வீட்டை யாரேனும் கண்டனரா என்பதே கேள்வி. 1931ஆம் ஆண்டில் பெர்லின் நகரில் எர்ன்ஸ்ட் ருஸ்கா, மாக்ஸ் நோல் என்னும் இருவர் எலெக்ட்ரான் நுண்ணோக்கியின் முதல் வடிவை இயற்றினர். ருஸ்காவிற்கு நோபெல் பரிசு வந்து சேர்ந்ததோ 1986இலேதான். ஒளிக்கதிர் காணமாட்டாத நுண்மையை எலெக்ட்ரான் கதிர் காணும். ஆனால் அதற்கு ஒரு பெருங்குறை உண்டு. காற்றின் அணுத்திரளில் மோதினால் அது சிதறிப்போகும். ஆகவே கருவியின் உட்புறம் முழுதும் காற்றை வாங்கி வெற்றிடமாக்கல் வேண்டும். வெற்றிடத்தில் நீர் ஒரு நொடியும் நில்லாது ஆவியாகிவிடும். எனவே உள்ளே வைக்கப்படும் பொருள் எதுவாயினும் முன்னரே உலர்ந்ததாயிருத்தல் கட்டாயமாயிற்று. களிமண்ணை உலர்த்தினாலோ, வெளியேறும் நீரின் பரப்பிழுவிசை தகடுகளை இழுத்து ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படியச் செய்கிறது. வீட்டைக் காணப் போனவர் வீடு இடிந்தபின் கிடந்த செங்கல் அடுக்கைப் படம்பிடித்துத் திரும்பியதற்கு இஃது ஒப்பாகும். நீரை உறையவைத்து உலர்த்தும் உபாயங்களும் உண்டு. ஆயினும் அப்படங்களிற் காணப்படும் அமைப்பு நீரிலே இருந்ததோ, உறைகையில் நேர்ந்ததோ என்னும் ஐயம் எழாமற் போகவில்லை.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மின்னைக் கடத்தாமையாலன்றோ விருத்தாசலத்துப் பியூஸ் கட்டை விலைபோகிறது? அக்குணமே நுண்ணோக்கியின் கீழ்க் குற்றமாகிறது. பீங்கான்மேற் பாய்ந்த எலெக்ட்ரான்கள் போக வழியின்றிக் குவிந்து படத்தைக் கெடுக்கும். அதனைத் தவிர்க்கப் பொருளின்மேற் பொன் முதலிய உலோகத்தை மெல்லிதாகப் பூசுவர். மண்ணைப் பார்க்கப் பொன்னைப் பூசி, பொன்னையே பார்த்துவரும் நிலை இது.

திருமுதுகுன்றத்தைப் பற்றி எழுதும்போது பெரியபுராணக் கதை ஒன்று நினைவிற்கு வாராமற் போகாது. சுந்தரர் அத்தலத்திற் பெற்ற பன்னீராயிரம் பொன்னை மணிமுத்தாற்றிலே இட்டுத் திருவாரூர்க் குளத்திலே எடுத்தார் என்பது கதை. ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுதல் என்னும் வழக்கும் இதனோடு தொடர்புடையது. யான் கிறிஸ்தவக் குடியிற் பிறந்தேனாயினும், எங்கள் தமிழ் வகுப்பிற் சேக்கிழாரைக் கல்லாது கரையேறுதல் அரிது. கற்றவிடத்து என் கருத்தைக் கவர்ந்தது அற்புதத்தினும் அதிலுள்ள எச்சரிக்கையே. ஆற்றில் இடுமுன் சுந்தரர் அப்பொன்னிற் சிறிது வெட்டி மச்சமாகத் தம்மிடம் வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை அம்மச்சத்தோடு உரைத்துப் பார்க்க, மாற்றுக் குறைந்து காணப்பட்டது. மீண்டும் பதிகம் பாடிய பின்னரே ஒத்து நின்றதாம். நீருக்குள் இட்டதும் நீரினின்று எடுத்ததும் ஒன்றுதானா என்று உரைத்துப் பார்க்கவேண்டும் என்னும் உணர்வு அவ்வூர்க் கதையிலேயே இருக்கிறது. அவ்வூர் மண்ணுக்கு அவ்வுணர்வு வேண்டாவோ?

நீரோடு கூடிய பொருளையே காணவேண்டும் என்னும் வேட்கை எலெக்ட்ரான் நுண்ணோக்கி பிறந்த சில ஆண்டுகளிலேயே தோன்றிவிட்டது. 1935இல் மார்ட்டன் என்பார், ஈரப் பொருளை இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுகளுக்கிடையே அடைத்துக் காணலாம் என்று யோசனை கூறினார். 1944இல் ஆபிராம்ஸ், மக்பெயின் என்னும் இருவர் மூடிய கலம் ஒன்றைச் செய்து வெளியிட்டனர். எண்ணம் நன்று, ஆனால் எலெக்ட்ரான் புகுதற்கேற்ற மென்மையும் வெற்றிடத்தைத் தாங்கும் வன்மையும் ஒருங்கே உடைய சாளரத்தை இயற்றுதல் அக்காலத்தில் எளிதன்று.

விருத்தாசலத்திற்கு ஏற்றதென்று யான் கருதும் வழி வேறொன்று. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரிலிருந்து டானிலாட்டோஸ் என்னும் கிரேக்கப் பெயருடைய அறிஞர், 1970களின் இறுதி தொடங்கிப் பல ஆண்டுகள் உழைத்துச் சீர்ப்படுத்திய நுண்ணோக்கி அது. பொருளின் மேற்பரப்பை எலெக்ட்ரான் கதிராற் புள்ளி புள்ளியாக வருடிக் காணும் வகையைச் சார்ந்தது. 1980களின் இறுதியில் விலைக்கும் வந்தது. அதன் நுட்பம் எளிமையும் அழகும் வாய்ந்தது. எலெக்ட்ரான் பிறக்கும் மேல் அறையில் வெற்றிடம். பொருள் வைக்கும் கீழ் அறையில் நீராவி. இரண்டிற்கும் இடையே ஊசித்துளை போன்ற சிறு வாயில்கள். வாயில்களுக்கு நடுவே கசிந்து ஏறும் ஆவியை இடைவிடாது வாங்கும் பம்புகள். கதிர் தன் நெடுவழியை வெற்றிடத்திற் கடந்து, கடைசிச் சிறு தூரத்தை மாத்திரம் ஆவியினூடே செல்வதால், சிதறினும் முழுதும் சிதறுவதில்லை. நீரின் உறைநிலையை அடுத்த குளிர்ச்சியில், ஏறக்குறைய 611 பாஸ்கல் அழுத்தம் இருப்பின் நீர் நீராகவே நிற்கும். நாம் மூச்சுவிடும் காற்றின் அழுத்தத்தில் இது நூற்றில் ஒரு பங்கும் ஆகாது. ஆகவே பொருளைச் சிறிது குளிரச்செய்து, ஆவியின் அழுத்தத்தைச் சிறிது கூட்டினால் மண்மேல் நீர் பனிக்கும். சிறிது குறைத்தால் மண் உலரும். உலர்வதையும் நனைவதையும் பார்வையாளர் தம் கைத்திருகினால் நடத்தி, நடக்கும்போதே காணலாம். இன்னும் ஒரு நன்மை: கதிர் மோதி உண்டாகும் ஆவியின் நேர் அயனிகள் பீங்கான்மேற் குவியும் மின்னேற்றத்தைத் தணித்துவிடுதலின், பொற்பூச்சு வேண்டுவதில்லை. மண் மண்ணாகவே காட்சி தரும்.

மூடிய கலத்தின் வழியும் அற்றுப்போகவில்லை. சிலிக்கான் நைட்ரைட் என்னும் பொருளாற் செய்த மிக மெல்லிய சாளரங்களுக்கிடையே திரவத்தை அடைத்து, செம்பு நீருக்குள்ளே மின்னினாற் படிந்து வளர்வதை 2003இல் பிரான்சிஸ் ராஸ் முதலியோர் காட்டினர். 2012இல் கிராபீன் என்னும் ஓரணுத் தடிப்புள்ள கரித்தாளையே சாளரமாக்கிக் காட்டினர் வேறு சிலர். வாயுக்களின் நடுவே வினையூக்கிகள் தொழிற்படுவதை அணுவளவில் நேரே காணும் கருவியை அமைத்ததில் முன்னின்றவர் இந்தியாவிற் பிறந்த பிரதிபா கை அம்மையார். அதன்பொருட்டு 2013இல் லோரியால்–யுனெஸ்கோ விருது பெற்றார். இவையெல்லாம் வியக்கத்தக்கனவே. ஆயினும் பீங்கான் நகரின் தேவைக்கு அணுவைக் காணும் கருவி மிகை. கேழ்வரகு அளக்கப் பொற்கொல்லர் தராசு வேண்டுவதில்லை.

மற்றொரு பெருமையையும் ஈண்டுச் சொல்லிக் கடப்பேன். விருத்தாசலத்திற்கு அண்மையதாகிய சிதம்பரத்தில் 1952இற் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன், உயிரணுவிற் புரதம் சமைக்கும் ரைபோசோமின் வடிவை ஆராய்ந்து 2009இல் நோபெல் பரிசில் பங்குற்றார். அவர் பணியாற்றிய கேம்பிரிட்ஜ் நிலையத்தைச் சார்ந்த ரிச்சர்ட் ஹெண்டர்சனும் வேறிருவரும் 2017இல் அப்பரிசைப் பெற்றது, நீரைப் படிகமாகாதவாறு நொடிப்பொழுதில் உறையவைத்து எலெக்ட்ரான் கொண்டு காணும் முறைக்காகும். அது சிறந்த முறை. ஆனால் உறைந்தது நின்றுவிட்டது. நமக்கு வேண்டுவது மண் சுருங்கும்போது எந்த இடம் முந்துகிறது என்னும் செய்தி. அச்செய்தியை நின்றுவிட்ட ஒரு படம் முற்றும் தருமாறில்லை.

இவ்வேண்டுகோளுக்குத் தடைகூறுவார் பலராவர். அவருள் மதிக்கத்தக்க தடை எழுப்புவார் அறிவியலாரே. அவர் கூறுவது: எலெக்ட்ரான் கண் தீங்கற்ற கண் அன்று. அது பார்த்த மாத்திரத்தில் நீர் பிளவுபட்டு, ஹைட்ரஜனும் ஹைட்ரஜன் பெராக்சைடும் வேறு பல தீவிரப் பொருள்களும் தோன்றும். நீரின் புளிப்புநிலையும் மாறலாம். நம் கிராமத்தார் கண்ணேறு என்று அஞ்சுவது மூடநம்பிக்கையாயினும், இவ்விடத்து அது பௌதிக உண்மையாகிவிடுகிறது. களிமண்ணின் சீட்டு வீடு நீரின் புளிப்பையே பற்றி நிற்பதென்று மேலே கண்டோமாகலின், நாம் காண்பது மண்ணின் இயல்போ, நம் பார்வையின் விளைவோ என்னும் ஐயம் மிகப் பொருத்தமானது. மேலும் மண் நீரில் முழுகியிருப்பின் இக்கருவி நீரின் மேற்பரப்பைத்தான் காணும். நீர் சிறிது வடிந்த பின்னரே தகடுகள் தலைகாட்டும். இவற்றை யான் மறுக்கவில்லை. குறைந்த கதிரால், குறைந்த நேரம் காண்டலும், கதிர் படாத பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்தலும் இதற்கு ஓரளவு பரிகாரம். மச்சம் வெட்டி வைத்துக்கொள்ளுதல் இங்கேயும் பயன்படும். கண்ணேறு உண்டு என்பதற்காகக் குழந்தையைப் பாராமலே வளர்க்கும் தாய் இல்லை.

இரண்டாம் தடை செலவு. ஒவ்வொரு சூளைக்காரரும் இத்தகைய கருவியை வாங்கவேண்டும் என்று அறிவுடையார் எவரும் கூறார். சென்னை ஐ.ஐ.டி. போன்ற இடங்களிற் பெரிய ஆராய்ச்சிக் கருவிகளை வெளியாரும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்துமாறு மத்திய அரசினர் ஏற்பாடு செய்திருக்கின்றனர். அது நல்லேற்பாடே. ஆயினும் ஈர மண்ணுக்கு அதனால் விளையும் பயன் சிறிது. ஏனெனின், உறையிலிட்டு அனுப்பிய மண் சென்னை சேருமுன் உலர்ந்துவிடும். புட்டியிலிட்டு அனுப்பிய குழம்போ நாட்பட அடியிற் படிந்து தன் பதம் இழந்துவிடும். காலையிற் கலக்கிய குழம்பை அன்று மாலைக்குள் காணவேண்டும். பானையும் பருக்கையும் ஓரூரில் இருத்தல் வேண்டும் என்பது இதனாலேயே. பீங்கான் பயிலகமும் தொழிற்பேட்டையும் கூடி, பொதுவில் ஒரு கருவி, சிறு கட்டணம், சூளைக்காரர்க்கென வாரத்தில் ஒதுக்கிய ஒரு நாள் என்று அமைத்துக்கொண்டால் அரசினர் பணம் வீண்போகாது. கண்ணாடி, பீங்கான் ஆராய்ச்சிக்கென 1950இல் கல்கத்தாவில் ஒரு நடு நிலையம் திறந்த நாடு இது. மண் கிடைக்கும் ஊருக்கே ஆராய்ச்சியைக் கொண்டுசெல்லும் அடுத்த அடியை வைக்க இத்தனை ஆண்டு தயங்குவது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவதாக, 'கைதேர்ந்த தொழிலாளிக்கு நுண்ணோக்கி எதற்கு? அவன் விரலே அறியும்' என்பார் உளர். இவரோடு யான் பாதி உடன்படுகிறேன். விரல் அறிவது மெய். ஆனால் விரல் அறிந்ததை மகனுக்குச் சொல்லவும், மண்ணின் வரத்து மாறியபோது காரணம் காட்டவும் விரலுக்கு மொழி இல்லை. அதனாலேயே அத்தொழிலாளி அக்கருவியின் பக்கத்தில் அமர்த்தப்படவேண்டும் என்பேன். கருவியை இயக்குவோர் பட்டம் பெற்றவராகுக. எதைப் பார்ப்பது என்று சொல்லுவோர் மண்ணில் கைவைத்தவராகுக. அவர் சொல்லுவன தமிழிலேயே எழுதப்படுக. பதம், கட்டி, ஓட்டம், வெடிப்பு முதலிய சொற்களுக்கு அளவும் படமும் வாய்க்கும் நாளில், அகராதி தொகுப்பாரும் அப்பயிலகத்தின் வாயிலில் வந்து நிற்பர்.

நம் வேதத்தில் எரேமியா தீர்க்கதரிசிக்குக் கர்த்தர் முடிந்த பாண்டம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டவில்லை; எழுந்து குயவன் வீட்டுக்குப் போகும்படி பணித்தார். அவர் போனபொழுது திரிகை சுழன்றுகொண்டிருந்தது. மண் கையிலே கெட்டுப்போனதையும், குயவன் அதே மண்ணை வேறு பாண்டமாக வனைந்ததையும் அவர் தம் கண்ணாற் கண்டார். ஞாயிறு பள்ளியில் இப்பகுதிக்குச் சொல்லப்படும் ஆன்மார்த்தப் பொருளை யான் அறிவேன்; அதனோடு, போன இடமும் போன நேரமும் கூட அப்பாடத்தின் பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது. சூளையினின்று இறக்கிய பாண்டத்தில், கெட்டதும் மீண்டதும் தெரியா.

கருவி வந்தால் முதன்முதல் அதன்கீழ் வைக்கவேண்டுவது யாதென்பதில் எனக்கு ஐயமில்லை. கார்த்திகைத் தீபத்திற்கு வேண்டும் அகல்கள் ஐப்பசி அடைமழையில் உலரவேண்டியிருக்கின்றன. காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஒரு பக்கம் உலர்ந்தும் மறுபக்கம் உலராதும் நின்று, விளிம்பிலே வெடிப்பது இவற்றின் இயல்பு. அத்தகைய நாளொன்றில், அச்சிலிருந்து அப்பொழுதுதான் பிரித்த அகலின் விளிம்பிற் கடுகளவு மண்ணைக் கிள்ளி, ஈரம் போகாமல் மூடி எடுத்துச் சென்று, ஆவியறையிலே வைத்து, அழுத்தத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துப் பார்க்கட்டும்.